796 சிசின்னா எந்த 796?

போன செமஸ்டர் லீவுல எங்க அப்பாவோட மாருதி 800, மறைமலைநகர் சிக்னல்ல ஆவி கக்கிட்டு நின்னுடுச்சு. 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாக்காம ஓட்டினது நான்தான். மெக்கானிக் அண்ணன் திறந்து பாத்துட்டு, "ஹெட் வளைஞ்சிருக்கு தம்பி, போரும் தேஞ்சிருக்கு. நல்ல பழைய இன்ஜின் கிடைச்சா தூக்கி வெச்சிடலாம்"னார். நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர் ஆச்சே! "நானே பாத்து வாங்கிட்டு வரேன்பா"ன்னு வீட்ல சொல்லிட்டேன்.

பொத்தேரில ட்ரெயின் ஏறி, எழும்பூர்ல இறங்கி, புதுப்பேட்டைக்கு நடந்தோம். நானும் ஆட்டோமொபைல் படிக்கிற ரூம்மேட்டும். ஒரு கடையில "796 சிசி இன்ஜின் இருக்கா?"ன்னு கேட்டேன். சுத்தமா ஒண்ணைக் காட்டினாங்க. விலையும் ஒத்து வந்துச்சு. அட்வான்ஸ் எடுக்க பர்ஸைத் திறந்தப்போ ரூம்மேட் காதுல கேட்டான்: "மச்சி, இதுல கார்புரேட்டர் எங்கடா?"

இல்லை. அது ஆல்ட்டோ இன்ஜின். கடைக்காரர் பொய் சொல்லலை. நான் கேட்டது 796, அவர் கொடுத்ததும் 796. நான் கேட்ட கேள்விதான் தப்பு. சரியா எப்படிக் கேக்கணும்னு அன்னைக்கு கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை.

பேர்லயே பாதி இருக்கு

சுசுகி தன்னோட பழைய இன்ஜின்களுக்குப் பேர் வெச்ச விதம் ரொம்ப சிம்பிள். முதல் எழுத்து, இன்ஜின் குடும்பம். அடுத்த எண், லிட்டர் அளவு: 8னா 0.8, 10னா 1.0, 13னா 1.3. கடைசியா வர்ற எழுத்து, அந்தக் குடும்பத்துல எந்த வகைன்னு சொல்லும்.

மாருதி 800க்கும் ஆம்னிக்கும் எஃப்8பி. 2000ல வந்த ஆல்ட்டோவுக்கு எஃப்8டி. ஜென்னுக்கு ஜி10பி. எஸ்டீமுக்கு ஜி13 குடும்பம்.

இப்போ கணக்கு. எஃப்8பி மூணு சிலிண்டர், போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. பெருக்கிப் பாருங்க, 796 சிசி வரும். எஃப்8டிக்கும் அதே போர், அதே ஸ்ட்ரோக்தான். அதனால ரெண்டு வண்டி ஆர்.சி.லயும் 796னே இருக்கும். வித்தியாசம் மேல, ஹெட்ல இருக்கு. எஃப்8பிக்கு சிலிண்டருக்கு 2 வால்வ், மொத்தம் 6. எஃப்8டிக்கு 4, மொத்தம் 12.

இதுல இன்னொரு சிக்கல்: 2000க்கு அப்புறம் எஃப்8பியே எம்.பி.எஃப்.ஐ. ஆகவும் வந்துச்சு. அப்போ 796னு சொன்னா குறைஞ்சது மூணு இன்ஜின் இருக்கு.

கடையில நின்னு பாக்க வேண்டியது

1. நம்பர். பிளாக்குல தட்டையா ஒரு இடத்துல குத்தியிருக்கும். மாருதில அந்த நம்பர் பொதுவா இன்ஜின் கோடுலதான் ஆரம்பிக்கும். அதே நம்பர்தான் ஆர்.சி.லயும் இருக்கும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி உங்க ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க. என்ன இன்ஜின் தேடணும்னு அதுவே சொல்லிடும். நம்பர் ராவியிருந்தா, விலை எவ்ளோ கம்மின்னாலும் திரும்பிப் பாக்காம வந்துடுங்க.

2. பெட்ரோல் எப்படிப் போகுது? கார்புரேட்டர் இன்ஜினுக்கு, பக்கத்துலயே மாட்டியிருக்குற மெக்கானிக்கல் பம்ப் போதும். எம்.பி.எஃப்.ஐ.க்கு இன்ஜெக்டர், டேங்குக்குள்ள எலக்ட்ரிக் பம்ப், சென்சார், ஈ.சி.யு., ஒயரிங் எல்லாம் வேணும். நான் அந்த ஆல்ட்டோ இன்ஜினை வாங்கியிருந்தா, மிச்சத்தையும் தேடி இன்னும் பல தடவை எழும்பூர் போயிருப்பேன்.

3. எந்த வண்டில இருந்து இறக்கினது? அடுத்த கடையில எஃப்8பியே கிடைச்சுது, கார்புரேட்டரோட. ஆனா ஆம்னில இருந்து எடுத்தது. ஆம்னில இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில நீளவாக்குல உக்காரும், பின் சக்கரத்தை ஓட்டும். 800ல பானெட்டுக்குள்ள குறுக்குவாக்குல உக்காரும், முன் சக்கரத்தை ஓட்டும். கோடு ஒண்ணா இருந்தாலும் மவுண்ட், ஆயில் சம்ப், மேனிஃபோல்ட் எல்லாம் அப்படியே ஒத்துப்போகும்னு நம்ப முடியாது.

ஜிப்ஸி ஆளுங்களுக்கும் இதே கதைதான். 1985ல வந்தப்போ 970 சிசி எஃப்10ஏ. 1996ல 1298 சிசி ஜி13பிஏ. 2000ல 16 வால்வ் எம்.பி.எஃப்.ஐ. ஜி13பிபி. வெறும் "ஜிப்ஸி இன்ஜின்"னு கேட்டா மூணுல எது வேணா வரும்.

ஜென்னுக்குள்ள எஸ்டீம்?

நம்ம ஹாஸ்டல்ல அடிக்கடி ஓடுற பேச்சு இது. 993 சிசி ஜென்ல 1298 சிசி எஸ்டீம் இன்ஜின். ரெண்டுமே ஜி குடும்பம், ரெண்டுமே குறுக்குவாக்கு, முன் சக்கர வண்டி. அதனாலதான் ரொம்ப வருஷமா இதைப் பண்றாங்க.

ஆனா ரோட்ல ஓட்டணும்னா சட்டம் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு, கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துக்கு முரணா ஆர்.சி. விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரில, கேரளாவுல இருந்து வந்த ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி பண்ணுச்சு. அதே வகை இன்ஜின்னா கூட ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது நம்பரை ஆர்.சி.ல ஏத்தணும். பில் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியோடதா இருந்தா, ஸ்டேஷன்ல பதில் சொல்ல வேண்டியது நீங்க இல்லை, ஆர்.சி.ல பேர் இருக்குற உங்க அப்பா.

கடைசில என்ன ஆச்சு?

வெறுங்கையோட பொத்தேரி திரும்பினேன். அப்பா ஒண்ணும் திட்டலை. "அதுல இருக்குறதையே சரி பண்ண முடியாதா?"ன்னு மட்டும் கேட்டார். முடியும். ஹெட்டை லேத்துல ஃபேசிங் போட்டு, சிலிண்டரை ரீபோர் பண்ணி, 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். பிளாக் அதேதான், நம்பரும் அதேதான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போக வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கு. போர் இப்போ 69 மி.மீ. கணக்கு போட்டா கிட்டத்தட்ட 808 சிசி வருது. அப்பா வண்டி இப்போ 796 கூட இல்லை! ஆனா எஃப்8பின்னு பிளாக்குல குத்தியிருக்கே, அது மாறலை. இன்ஜின் தேடிப் போறவங்க சிசியைக் கேக்காதீங்க, அதைக் கேளுங்க.

அப்புறம், ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வண்டியை எடுங்க.