சரிந்த சரிவும் எரிந்த சரிவும்

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகர் வீடுகள் மேல் விழுந்தது. 7 பேர் மண்ணுக்குள் புதைந்து இறந்தார்கள். இப்படிச் சரிந்த இடத்தில் மறுபடி பச்சை பிடிக்க எத்தனை காலம் ஆகும்?

சீக்கிரம் ஆகாது. மண்ணோடு அதில் கிடந்த விதை, வேர், பூஞ்சை எல்லாம் போய்விடுகின்றன. வெறும் பாறை தெரியும் இடத்தில் முதலில் ஒட்டுவது லைக்கன். அது சுரக்கும் அமிலம் பாறையை மெல்ல அரிக்கும். விரிசலில் பொடியும் மட்கும் சேர்ந்தால் மாஸ் முளைக்கும், பிறகு புல், புதர். தாவரவியலில் இதற்கு முதல்நிலை வழிமுறை வளர்ச்சி என்று பெயர். 1883இல் க்ரகடோவா எரிமலை வெடித்த மறு ஆண்டு அந்தத் தீவில் தேடியவர்களுக்கு ஒரு குட்டிச் சிலந்திதான் கிடைத்தது; 1886இல் பெரணிகள் தலைகாட்டிவிட்டன.

எரிந்த சரிவு பார்க்க இதைவிடக் கோரம். ஆனால் மேலே கரியாகிக் கிடந்தாலும் மண்ணுக்குள் வேர்க்கட்டைக்கு உயிர் இருக்கும். ஒரு கோடை மழை போதும், உசிலும் வெப்பாலையும் அடியிலிருந்து துளிர்க்கும். மண் மிஞ்சிய இடத்தில் நடக்கும் இது இரண்டாம் நிலை வழிமுறை வளர்ச்சி.

அப்படியானால் திருவண்ணாமலை மலை ஏன் பல காலம் மொட்டையாகக் கிடந்தது? விறகு வெட்டு, ஆடு மாடு மேய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வந்த தீ. எலுமிச்சை வாசம் வீசும் உயரப் புல் மாசி, பங்குனியில் காய்ந்து சருகாகும். ஒரு பொறி போதும். (மலை உச்சியில் ஏற்றும் மகா தீபத்தைக் குறை சொல்ல வேண்டாம், கார்த்திகையில் புல் ஈரமாக இருக்கும்.) புல்லின் குருத்து தரையோடு ஒட்டி இருப்பதால் தப்பிக்கும், துளிர்த்த மரக்கன்று தலை தூக்கும்முன் அடுத்த தீ வந்துவிடும். புல் மட்டுமே ஜெயிக்கும் ஆட்டம் இது.

1980களின் இறுதியிலிருந்து இங்கே மரம் நடுகிறார்கள். நடுவதைவிட, கோடைக்கு முன்பே புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுவதுதான் பெரிய வேலை என்பேன். கன்று நடும் விழாவுக்குக் கேமரா வரும். புல் அறுக்க யார் வருகிறார்கள்? தீ வராத சரிவில் சூரைப் புதரை விலக்கிப் பாருங்கள், உள்ளே வேப்பங்கன்று நிற்கலாம். நட்டது கொண்டைக்குருவி, பழத்தைத் தின்று, முள்ளில் உட்கார்ந்து எச்சமிட்டது. புதர் நிழல் தருகிறது, ஆட்டின் வாயிலிருந்தும் காக்கிறது.

மரம் ஓங்கி நிழல் அடர்ந்தால் வெயில் கேட்கும் அந்தப் புல் மெலியும். தீக்கு இரை குறையும். அதுவரை ஆண்டுதோறும் கோடு வெட்டித்தான் ஆக வேண்டும்.