குல்லாய் பின்னும் கணக்கு

மதுரைப் பக்கத்தில் கம்பளிக் குல்லாய்க்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், மார்கழி மாதத்தில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அழகர்கோவில் மலையடிவாரத்தில் வந்து நிற்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றுக்கு அஞ்சி, தேநீர்க் கடை முன் நிற்கும் பெரியவர்களில் பலர் தலையில் துண்டையோ குரங்குக் குல்லாயையோ மாட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் குல்லாய்ப் பேச்சு எழுந்ததும் ஒரு மார்கழியில்தான். ஆனால் அது பெரியவர்களுக்காக அன்று. என் தங்கைக்கு மதுரை மருத்துவமனை ஒன்றில் எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. எடை ஒன்றேமுக்கால் கிலோ. தலையின் சுற்றளவு 30 செ.மீ. "மெத்தென்று ஒரு குல்லாய் கொண்டு வாருங்கள். தலை மூடியே இருக்கட்டும்" என்றார் செவிலியர்.

தலைக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம்? பெரியவர்களின் உடற்பரப்பில் தலையும் கழுத்தும் சேர்ந்து பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறந்த குழந்தைக்கோ அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. (நம் உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போகிறது என்று பெரியவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு, அது சரியன்று.) மேலும், உடல் சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிடும்போது பரப்பு மிகுகிறது. சிறு கிண்ணத்துப் பால் அண்டாவில் உள்ள பாலைவிட விரைவில் ஆறுவது இதனால்தான். குறைமாதக் குழந்தை அந்தச் சிறு கிண்ணம்.

குல்லாய் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கண்ணிகளுக்கிடையே காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. அசையாத காற்று மிக அரிதிற் கடத்தி. தண்ணீரின் வெப்பக் கடத்து திறன் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். ஆகவே ஈரமான குல்லாய் குழந்தைக்கு உதவாது. தலையைத் துவட்டிய பின்பே அணிவிக்க வேண்டும்.

என் தாயார் நாற்பது ஆண்டுகளாகக் குரோஷா பின்னல் போடுகிறவர். எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் அவர் பின்னிய சதுர விரிப்புகளைப் போர்த்திக்கொண்டுதான் இருந்தன. ஆனால் குல்லாய் அவருக்குப் புதிது. சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூல் வாங்கி வந்து, கொக்கி ஊசியை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்தார். மாலையில் பார்த்தால், குல்லாய்க்குப் பதில் கோழிக்கொண்டைப் பூவைப்போல ஓரமெல்லாம் நெளிந்த ஒரு வட்டம் அவர் மடியில் கிடந்தது. "நீதான் காலேஜில் கணக்கெல்லாம் போடுறியே, இது ஏன்ப்பா இப்படி நெளியுதுன்னு சொல்லு பாப்போம்" என்றார்.

காரணம் எளிது. குல்லாயை உச்சியில் தொடங்கி, சுற்றுச் சுற்றாக விரித்துக்கொண்டு போகிறோம். ஒவ்வொரு சுற்றும் மையத்திலிருந்து ஒரு கண்ணியின் உயரம் தள்ளி விழுகிறது. வட்டத்தின் ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 2 பை, அதாவது 6.28 செ.மீ. கூட வேண்டும் என்பது பள்ளியில் படித்ததுதான். குட்டையான ஒற்றைக் கண்ணிக்கு அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. எனவே ஒவ்வொரு சுற்றிலும் 6.28 கண்ணிகள் கூட வேண்டும். கால் கண்ணி போட முடியாதாகையால், உலகெங்கும் பின்னுகிறவர்கள் ஆறு என்று வைத்துக்கொண்டார்கள். முதல் சுற்றில் 6, அடுத்ததில் 12, பிறகு 18, 24 என்று போகும். கூட்டுவது என்றால் முன்சுற்றின் ஒரே கண்ணிக்குள் ஊசியை இருமுறை விட்டு இரண்டு கண்ணி எடுப்பது. நூலை ஒருமுறை ஊசியில் சுற்றிப் போடும் உயரமான கண்ணியானால், அதன் உயரம் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்போது சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும்.

தாயார் கூட்டியது எட்டு. அதுவும் காரணமில்லாமல் அன்று. அவர் கை பழகியது சதுர விரிப்புக்கு. சதுரத்தின் மையத்திலிருந்து பக்கம் 1 செ.மீ. விலகினால் சுற்றளவு 8 செ.மீ. கூடும். அந்த எட்டை நான்கு மூலைகளில் இரண்டிரண்டாகக் கூட்டினால், பக்கத்தைவிடத் தொலைவில் நிற்கும் மூலைகள் அதை வாங்கிக்கொள்ளும். துணி தட்டையாகப் படியும். அதே எட்டை வட்டத்தில் பரவலாகக் கூட்டினால், மிகுந்த நீளத்துக்குத் தளத்தில் இடமில்லை. அது மேலும் கீழுமாக நெளிகிறது.

ஆறு கூட்டினால் தட்டை, அதற்குக் குறைத்தால் கிண்ணம், மிகுத்தால் நெளிவு. இம்மூன்றையும் கணித அறிஞர்கள் சுழி வளைவு, நேர் வளைவு, எதிர் வளைவு என்பார்கள். எதிர் வளைவுள்ள தளத்தைக் காகிதத்தில் செய்து காட்ட முயன்று பலர் சலித்ததுண்டு, காகிதம் கிழிந்துவிடும். லாட்வியாவில் பிறந்து அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டாய்மினா என்ற அம்மையார், 1997இல் கொக்கி ஊசியை எடுத்து, ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய் அத்தளத்தைப் பின்னிவிட்டார். மாணவர்கள் கையால் தொட்டு, மடித்துப் பார்த்தே அந்த வடிவியலைக் கற்றார்கள். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005இல் இதே முறையில் பவளத்திட்டுகளைப் பின்னத் தொடங்கினார்கள். இதைச் சொன்னதும் தாயார், "அப்ப நான் தப்பாப் போடலைன்னு சொல்லு" என்றார்.

இனி அளவுக்கு வருவோம். எங்கள் நூலில், அவர் கைப் பிடியில், 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணிகள் விழுந்தன. ஒரு கண்ணி அரை செ.மீ. இதைச் சிறு சதுரம் ஒன்று பின்னி அளந்தே அறிய வேண்டும். பிறர் எழுதிய கணக்கை நம்பக்கூடாது. ஒருவர் கை இறுக்கம், மற்றவர் கை தளர்ச்சி. 2016 ஜனவரியில் சென்னையில், பலர் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்து உலகச் சாதனை படைத்தார்கள். அத்தனை கைகளின் துண்டுகளும் ஒரே அளவில் பொருந்த என்ன பாடுபட்டிருப்பார்களோ என்று எண்ணிப் பார்க்கலாம்.

எத்தனை கண்ணி வேண்டும் என்று தாயார் கேட்டபோது நான் ஒரு பிழை செய்தேன். தையற்காரர் சட்டைக்குத் தளர்வு விடுவதில்லையா? அதைப்போல 30 செ.மீ. தலைக்கு 33 செ.மீ. குல்லாய் என்றேன். 66 கண்ணிகள், ஆறு ஆறாகப் பதினோரு சுற்று. அழகான குல்லாய்தான். குழந்தைக்கு அணிவித்ததும் கண்ணை மறைத்து மூக்கு வரை இறங்கிவிட்டது. மூச்சு விடும் வழியை மூடக்கூடிய குல்லாய் குளிரைவிடக் கேடு. செவிலியர் உடனே கழற்றிவிட்டார். சட்டை தோளில் தொங்குகிறது, குல்லாயோ பிடித்து நிற்க வேண்டும் என்ற சிறு வேறுபாடு ஓர் இயற்பியல் ஆசிரியருக்குத் தோன்றாமல் போயிற்று.

தாயார் என் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மறுநாள் 48 கண்ணியில் ஒன்று பின்னினார். 24 செ.மீ. அது இழுபட்டுத் தலையில் ஏறியது. ஆனால் ஒரு மணி நேரத்தில் நெற்றியில் சிவந்த கோடு விழுந்துவிட்டது. என் தங்கை அழுதாள்.

24 செ.மீ. குல்லாய் 30 செ.மீ.க்கு எப்படி விரிகிறது? நூலைத் தனியே இழுத்துப் பாருங்கள். அவ்வளவு எளிதில் நீளாது. துணி நீளக் காரணம் நூலின் நீட்சி அன்று, வளையங்களின் உருமாற்றம். உருண்டையான வளையம் இழுத்த திசையில் நீண்டு, குறுக்கே ஒடுங்குகிறது. ஆகவே அகலத்தில் மிகுதியாக விரியும் குல்லாய் உயரத்தில் குறையும். இறுக்கமான குல்லாய் காதை விட்டு மேலே ஏறிக்கொண்டே போவதன் இரகசியம் இதுவே. வளையங்கள் முழுவதும் நீண்டு முடிந்த பின்னும் இழுத்தால் நூலே நீள வேண்டும். அங்கே விசை திடீரென்று உயர்கிறது. தோலில் கோடு விழுவது அந்த எல்லையில்.

இன்னொன்றும் உண்டு. வளைந்த பரப்பைச் சுற்றி இழுத்துக் கட்டிய துணி உள்நோக்கிக் கொடுக்கும் அழுத்தம், இழுவிசையை ஆரத்தால் வகுத்தால் வருவது. சோப்புக் குமிழியைப் பற்றிப் படிக்கும்போது மாணவர்கள் சந்திக்கும் இலாப்லாஸ் விதிதான் இது. 56 செ.மீ. தலையின் ஆரம் ஏறக்குறைய 9 செ.மீ.; 30 செ.மீ. தலையின் ஆரம் 5 செ.மீ.க்கும் குறைவு. ஒரே இழுவிசையில் குழந்தையின் தலை தாங்கும் அழுத்தம் நமக்குள்ளதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நமக்குச் சுகமான இறுக்கம் குழந்தைக்குச் சுகமாக இராது. தளர்ந்த குல்லாயின் விளிம்பில் எலாஸ்டிக் நாடா தைப்பவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

எனவே தலையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக, 27 செ.மீ. என்று முடிவு செய்தோம். 54 கண்ணிகள், ஒன்பது சுற்று கூட்டினால் போதும். அதன்பின் கூட்டாமல் 14 சுற்று நேராக இறங்கினால் உச்சியிலிருந்து விளிம்பு வரை பதினொன்றரை செ.மீ. ஆறுக்கும் 6.28க்கும் உள்ள சிறு குறையால் உச்சி மெல்லக் குவிகிறது. மண்டையும் தட்டையாக இல்லை, நல்லதாயிற்று. கண்ணி எண்ணிக்கையை மாற்றாமலே சிறிது கூட்டிக் குறைக்க வேண்டுமானால் ஊசியை மாற்றலாம். பருமனான ஊசி பெரிய வளையம் தரும். விளிம்பின் கடைசி மூன்று சுற்றுகளை மட்டும் மெல்லிய ஊசியில் போட்டால் குல்லாய் நழுவாது.

பட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறம் மாற்றும் இடத்தில் ஒரு படி தெரிகிறதே என்று தாயார் குறைப்பட்டார். சுற்றிச் சுற்றிப் பின்னுவது உண்மையில் அடுக்கடுக்கான வட்டங்கள் அன்று. மாடிப்படிபோல் ஏறும் ஒரே சுருள். ஒரு சுற்று முடிந்து வரும்போது தொடங்கிய இடத்துக்கு ஒரு கண்ணி உயரம் விலகியிருப்போம். படியை ஒழிக்க முடியாது. புது நிறத்தின் முதல் கண்ணியைக் குட்டையாக, நூலை இழுத்து விடும் அளவில் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் மறையும். பழைய நிறத்தின் கடைசிக் கண்ணியை முடிக்கும் இழுப்பிலேயே புது நூலைப் பிடிக்க வேண்டும். சிவப்பு நூல் ஒரு கடையிலும் வெள்ளை வேறொரு கடையிலும் வாங்கியதால், பருமனான சிவப்புப் பட்டைகள் சற்றுப் புடைத்து நின்றன. அளவுச் சதுரத்தை இரு நிறத்திலும் பின்னிப் பார்த்திருக்க வேண்டும். உட்புறம் நூலை ஒரு பட்டையிலிருந்து மறு பட்டைக்குத் தொங்கவிட்டுக் கொண்டு போவது பெரியவர் குல்லாய்க்குச் சரி. குழந்தைக்கு வேண்டாம்; சுண்டுவிரல் மாட்டிக்கொள்ளும். நறுக்கி, நுனிகளைப் பின்னலுக்குள் செருகிவிட வேண்டும்.

நான்காவது குல்லாய் நழுவவும் இல்லை, கோடும் போடவில்லை. குழந்தை அதோடுதான் அழகர்கோவிலுக்கு வந்தது. 48 கண்ணிக் குல்லாயைத் தாயார் அவிழ்த்து நூலை உருண்டையாகச் சுற்றித் திண்ணையில் வைத்தார். அதை ஒரு குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. எனது 66 கண்ணிக் குல்லாய் பெட்டியில் கிடந்தது. இரண்டு மாதம் கழித்துத் தலையை அளந்தபோது 36 செ.மீ. இருந்தது. 33 செ.மீ. குல்லாயைத் தாயார் எடுத்து அணிவித்துப் பார்த்தார். பொருந்தியது. அதற்குள் மாசி வெயில் ஏறத் தொடங்கிவிட்டதால், பகலில் கழற்றிவிட்டு விடியற்காலையில் மட்டும் போட்டார்கள்.