உதவித் தொகையும் வருமானந்தானா?

2022-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கலிபோர்னியா மாநில சர்க்கார் தன் குடிமக்களுக்கு 200 டாலரிலிருந்து 1,050 டாலர் வரையில் ஓர் உதவித் தொகையை வழங்கி, அதற்கு நடுத்தர வர்க்க வரித் திருப்பம் என்று பெயரும் சூட்டியது. விலைவாசி ஏற்றத்தால் திணறிக்கொண்டிருந்த குடும்பங்கள் அதைச் சந்தோஷமாக வாங்கிச் செலவழித்தும் விட்டன. புத்தாண்டு பிறந்ததும், 600 டாலரும் அதற்கு மேலும் பெற்றவர்களின் வீடுகளுக்கு மாநில வரி வாரியத்திடமிருந்து 1099 என்ற எண்ணுடைய படிவம் ஒன்று வந்து சேர்ந்தது. உமக்கு இன்ன தொகை கொடுத்தோம், அதை மத்திய வரி இலாகாவுக்கும் தெரிவித்திருக்கிறோம் என்பதே அதன் தாத்பரியம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் மத்திய சர்க்காருக்கு ஒன்றும் மாநில சர்க்காருக்கு ஒன்றுமாக இரண்டு வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்யவேண்டும். ஒன்று அளிக்கும் விலக்கு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. ஆகவே கலிபோர்னியா தன் வரியிலிருந்து அத்தொகைக்கு விலக்கு அளித்திருந்தும், வாஷிங்டனுக்கு அதிலே பங்கு உண்டா என்ற சந்தேகம் அப்படியே நின்றது.

சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. மத்திய வருமான வரிச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, எங்கிருந்து வந்தாலும் வருமானம் வருமானமே என்கிறது. ஒருவனுடைய செல்வம் பெருகி, அந்தப் பெருக்கம் அவன் கைக்கு வந்து, அதன்மேல் அவனுக்குப் பூரண ஆதிக்கமும் இருக்குமானால் அது வருமானந்தான் என்று 1955-இல், கிளென்ஷா கிளாஸ் கம்பெனி வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்கார் கஜானாவிலிருந்து வந்த பணம் என்பதனால் மட்டும் அதற்கு விலக்கு வந்துவிடாது. விலக்கு உண்டென்று சொல்லுகிறவர்தான் அதற்கு ஆதாரமும் காட்டவேண்டும்.

அத்தகைய ஆதாரங்களில் முதலாவது, சட்டப் புத்தகத்தில் எந்தப் பிரிவிலும் எழுதப்படாமல், 1938 முதல் வரி இலாகாவே தன் தீர்ப்புகளின் வாயிலாகச் சிறுகச் சிறுக வளர்த்துவந்த பொது நலக் கொள்கை. அதற்கு நிபந்தனைகள் மூன்று. பணம் சர்க்கார் நிதியிலிருந்து வரவேண்டும். பெறுபவரின் தேவையை உத்தேசித்துக் கொடுத்ததாக இருக்கவேண்டும். அவர் செய்த வேலைக்குக் கூலியாக இருத்தல் கூடாது. முதலாவதும் மூன்றாவதும் எளிதில் நிறைவேறுகின்றன. தகராறெல்லாம் நடுவில் உள்ள தேவையைப் பற்றித்தான். வருஷத்துக்கு 5,00,000 டாலர் வரை சம்பாதிக்கும் தம்பதிகளுக்கும் கலிபோர்னியாவின் தொகை கிடைத்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அதைத் தேவையறிந்து செய்த உதவி என்று சாதிப்பதற்கு வக்கீலுக்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும் என்பது விளங்கும். இரண்டாவது ஆதாரம், 2001-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு இயற்றப்பட்ட 139-ஆம் பிரிவு. பேரிடரில் சிக்கியவர்களுக்குத் தரப்படும் நிவாரணத்துக்கு அது வரிவிலக்கு அளிக்கிறது. கொரோனா தொற்று 2020 மார்ச்சில் தேசியப் பேரிடராக அறிவிக்கப்பட்டிருந்தபடியால், அதன் நிழலில் ஒதுங்க, இதுபோன்ற தொகை வழங்கிய பல மாநிலங்களுக்கு வழி இருந்தது.

இந்தச் சந்தேகம் தீருமுன்பே, 2023 ஜனவரி 23 அன்று கணக்குத் தாக்கல் தொடங்கிவிட்டது. பிப்ரவரி 3 அன்று, இத்தகைய தொகை பெற்றவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம் என்று இலாகா கேட்டுக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 10 அன்று, கலிபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், பென்சில்வேனியா முதலிய பதினாறு மாநிலங்களின் தொகைகளைக் கணக்கில் காட்டாமல் விட்டாலும் தான் ஆட்சேபிப்பதில்லை என்று அறிவித்தது. நல்ல நிர்வாகத்தை உத்தேசித்தே இவ்வாறு செய்வதாக அது கூறிய காரணத்தைக் கவனிக்கவேண்டும். இது வருமானம் அன்று என்று இலாகா எங்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்கமாட்டோம் என்று மட்டுமே சொல்லிற்று. கேள்விக்கு விடையளிக்காமல் கேள்வியையே கைவிட்டது தர்க்க சாஸ்திரத்துக்கு உகந்ததாக இராவிடினும், கோடிக்கணக்கான ஜனங்கள் படிவமும் கையுமாகக் காத்திருந்த வேளையில் அது விவேகமான காரியம் என்பதே என் அபிப்பிராயம். அவசரப்பட்டு அத்தொகையை வருமானமாகக் காட்டியிருந்தவர்கள் திருத்தக் கணக்குத் தாக்கல் செய்வதை யோசிக்கலாம் என்றும் பின்னர் தெரிவிக்கப்பட்டது.

அலாஸ்காவின் விஷயம் விசித்திரமானது. எண்ணெய் வளத்தால் உண்டான நிரந்தர நிதியிலிருந்து அந்த மாநிலம் ஆண்டுதோறும் வழங்கும் பங்குத் தொகை வரிக்கு உட்பட்டது என்பதில் தகராறே இல்லை. 2022-இல் ஒவ்வொருவருக்கும் கிடைத்த 3,284 டாலரில், எரிபொருள் விலையேற்றத்துக்காகச் சேர்த்துக் கொடுத்த 662 டாலர் மட்டும் விலக்குப் பெற்றது. எஞ்சிய 2,622 டாலருக்கு வரி உண்டு. ஒரே தேதியில் ஒரே கையில் விழுந்த பணம் இரண்டு ஜாதியாகப் பிரிந்தது.

ஜார்ஜியா, மாசசூசெட்ஸ், தென் கரோலினா, வர்ஜீனியா ஆகிய நான்கும் வேறு வகை. அவை கொடுத்தது உதவி அன்று, குடிமக்கள் ஏற்கெனவே செலுத்திய வரியின் ஒரு பகுதி. வரி வசூல் ஒரு வரம்பைத் தாண்டினால் மிகுதியைத் திருப்பித் தரவேண்டும் என்று மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 1986-இல் நிறைவேற்றிய சட்டம், நெடுங்காலம் உறங்கிக் கிடந்து 2022-இல் விழித்துக்கொள்ள, செலுத்திய வருமான வரியில் சுமார் நூற்றுக்குப் பதினான்கு வீதம், ஏறக்குறைய 300 கோடி டாலர், மக்களிடம் திரும்பி வந்தது. தன் பணம் தன்னிடம் திரும்புவது வருமானமாகாது. ஆனால் மாநில வரியைச் செலவாகக் காட்டி மத்திய வரியைக் குறைத்துக்கொண்டவருக்கு மட்டும், அந்த லாபத்தின் அளவுக்கு அது வருமானமாகும். அங்கும் ஒரு தப்பு வழி உண்டு. அப்படிக் காட்டக்கூடிய செலவுக்கு 2018 முதல் 10,000 டாலர் என்ற உச்சவரம்பு இருந்தது. மாநிலத்துக்கு 15,000 டாலர் செலுத்திவிட்டு 10,000-க்கு மட்டும் கழிவு பெற்ற ஒருவருக்கு 500 டாலர் திரும்பி வந்தால், அவர் உண்மையில் செலுத்தியது அப்போதும் வரம்புக்கு மேலேதான் நிற்கிறது. லாபம் இல்லாதபடியால் வரியும் இல்லை.

பிப்ரவரி மாதத்துப் பெருந்தன்மை மின்னசோட்டாவுக்கு வாய்க்கவில்லை. 1,750 கோடி டாலர் உபரி வைத்திருந்த அந்த மாநிலம், தனி நபருக்கு 75,000, தம்பதிகளுக்கு 1,50,000 என்று கலிபோர்னியாவைவிட மிகக் குறைந்த வருமான வரம்பு விதித்து, ஆளுக்கு 260 டாலர் வழங்கியது. தேவையை அளந்து கொடுத்தது என்று சொல்வதற்கு இதைவிடத் தகுதியான திட்டம் அந்தப் பதினாறில் எத்தனை இருந்தன என்பதே சந்தேகம். ஆனால் கொரோனாவுக்கான தேசியப் பேரிடர் அறிவிப்பு 2023 மே 11 அன்று முடிவடைய, மின்னசோட்டா கவர்னர் தம் சட்டத்தில் மே 24 அன்றுதான் கையெழுத்திட்டார். பேரிடரின் நிழல் விலகிவிட்டபடியால், இத்தொகைக்கு வரி உண்டென்று மத்திய இலாகா முடிவு செய்தது. மாநிலமோ தன் பங்குக்கு வரி கேட்கவில்லை. மூன்று குழந்தைகள் உள்ள ஒரு தம்பதிக்குக் கிடைத்த 1,300 டாலரில், நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற வீதத்தில் வரி செலுத்துகிறவர்களாக இருந்தால், 156 டாலர் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.