வீட்டில் வருமானம் மாறும்போது பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய தொழில் நூற்று இருபது ஆண்டுகளுக்குப் பின் நின்றது. என் தந்தையார் அங்கு நிலத்தடியில் பணிபுரிந்தவர். அப்போது நான் வணிகவியல் பட்டம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தம்பிக்கு வயது ஒன்பது.

சுரங்கம் மூடப்படுவது தங்கவயலில் ஒருவர் வேலை இழப்பதோடு முடியும் செய்தியன்று. குடியிருந்த லைன் வீடு, குழாயில் வந்த நீர், மருத்துவமனை, நேரம் காட்டிய சங்கொலி ஆகிய அனைத்தையும் தந்தது அந்த ஒரே நிறுவனம். பெரியவர்களாகிய நாங்கள் இழப்பீட்டுத் தொகையைப் பற்றியும், வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்குமோ என்பது பற்றியும் இரவு பகலாகப் பேசினோம். தம்பியிடம் மட்டும் எவரும் எதுவும் சொல்லவில்லை. "சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிட்டோம். அதை நாங்கள் அன்பு என்றே நினைத்தோம்.

அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பகலில் வீட்டிலிருந்த தந்தை, அன்னையின் கையில் காணாமற்போன வளையல்கள், தான் உள்ளே வந்ததும் நின்றுபோகும் பேச்சு என ஒவ்வொன்றும் அவன் கண்ணில் பட்டது. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிப்பதாகச் சொல்லத் தொடங்கினான். மருந்து வாங்கிக் கொடுத்தோம்.

அந்த ஜூன் மாதத்தில் அவனைப் பூதிகோட்டையிலுள்ள பாட்டி வீட்டுக்கு அனுப்பினோம். தங்கவயலில் தமிழில் படித்தவனுக்கு அங்கே பள்ளியில் கன்னடம், தெருவில் தெலுங்கு. ஒரு நாள் பட்டுப்புழுக்களுக்கு முசுக்கொட்டை இலை பறித்துக்கொண்டிருந்தபோது அவன் பாட்டியிடம் கேட்டானாம்: "டோக்கன் கிடைச்சா அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா, ஆயா?"

சுரங்கம் மூடப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவன் தந்தையின் பித்தளை டோக்கனை எடுத்து விளையாடித் தொலைத்திருந்தான். "வேலையே போயிடும்டா" என்று தந்தை அப்போது கடிந்துகொண்டார். மறுநாளே அதை மறந்தும் விட்டார். பிறகு வேலை உண்மையாகவே போயிற்று. ஓர் ஊரின் சுரங்கங்கள் அனைத்தும் தன்னால்தான் மூடப்பட்டன என்னும் எண்ணத்தை அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் தனியே சுமந்திருக்கிறான்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய விந்தையன்று. குடும்பத்தில் நேரும் பெரிய மாற்றத்துக்குத் தாமே காரணம் என்று சிறு பிள்ளைகள் எளிதில் எண்ணிவிடுவர். மரணம், மணமுறிவு, கடன், ஊர் மாற்றம் எதுவாயினும் அவர்களுக்குக் காரணம் சொல்லப்படாவிட்டால், கையில் கிடைத்ததைக் கொண்டு தாமே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்வர். அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டர், 1930களின் பெருமந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி 1974இல் ஒரு நூல் எழுதினார். வருமான இழப்பு பிள்ளைகளைப் பெரும்பாலும் பெற்றோரின் நடத்தை வழியாகவே தாக்கியது என்று அதில் காட்டினார். தந்தையின் எரிச்சலும் வீட்டின் பூசலுமே அவர்களை மிகுதியாக வருத்தின. வீட்டுப் பொறுப்பில் பங்கு பெற்ற சற்றே வளர்ந்த பிள்ளைகள் பலர் பிற்காலத்தில் திறமையுடன் விளங்கினர் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

பாட்டி எல்டரைப் படித்தவரல்லர். தந்தைக்கு ஆள் அனுப்பினார். அடுத்த ஞாயிறன்று வந்த தந்தையார் ஒரு சிலேட்டை எடுத்துவைத்துக்கொண்டு தம்பியின் அருகே அமர்ந்தார். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை வெட்டி மேலே கொண்டுவர ஆகும் செலவு ஒரு பக்கம். அதிலிருந்து கிடைக்கும் சிறிதளவு பொன்னின் விலை மறுபக்கம். செலவு பெரிது, வரவு சிறிது. "டோக்கனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா" என்றார். நான் கல்லூரியில் மூன்றாண்டு கற்ற வணிகவியலில் அதைவிடத் தெளிவான வரவு செலவுக் கணக்கைக் கண்டதில்லை. அதோடு, தாம் பெங்களூரில் காவலர் வேலைக்குச் செல்லவிருப்பதையும், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி இரவில் திரும்புவதையும், ஞாயிறுதோறும் பூதிகோட்டைக்கு வருவதையும் சொன்னார். ஞாயிறு வருகையை அவர் தவறவிட்டதே இல்லை.

பூதிகோட்டை ஹைதர் அலி பிறந்த ஊர். தந்தை போரில் மடிந்தபோது அவர் சிறுவர். பழைய கடனைக் காட்டி அக்குடும்பத்தைத் துன்புறுத்தினர் என்றும், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த உறவினர் ஒருவரே பின்னர் அவர்களை ஆதரித்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இதைச் சொல்லித்தான் பாட்டி தம்பியைத் தேற்றுவார். கூடவே பால் கணக்கு எழுதும் வேலையையும் அவனிடம் ஒப்படைத்தார். வயிற்றுவலி எப்போது நின்றது என்பது எங்களில் எவருக்கும் நினைவில்லை.

வங்கிக் கிளையில் அமர்ந்து பார்க்கும்போது அதே மௌனத்தை இன்றும் காண்கிறேன். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முடிக்க வரும் பெற்றோர், அருகில் பிள்ளை அமர்ந்திருக்க, என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகின்றனர். முழுத் தொகையையோ கடன்காரரின் பெயரையோ பிள்ளை அறிய வேண்டியதில்லை. என்ன நடந்தது, அதற்கு அவன் காரணமல்லன், எவை மாறும், எவை மாறா என்ற நான்கையும் அறிந்தால் போதும். கட்டணம் கட்ட முடியுமா என்று உறுதியாகத் தெரியாதபோது "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வதினும், "அடுத்த மாதம் தெரிந்துவிடும், தெரிந்ததும் உனக்குச் சொல்கிறேன்" என்பது மேல். சொன்னபடி சொல்லவும் வேண்டும்.

பால் கணக்குக்கு ஒப்பான ஒன்று எங்களிடமும் உண்டு. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி பத்து வயது நிரம்பியவர், வங்கி வகுக்கும் வரம்புக்குள் தாமே சேமிப்புக் கணக்கை இயக்கலாம். இருப்புக்கு மேல் அதில் எடுக்க இயலாது. தந்தை வெளியூரில் இருந்தால் அன்னையே காப்பாளராகக் கையொப்பமிட்டுக் கணக்குத் தொடங்கலாம். தந்தை நேரில் வரவேண்டும் என்று எண்ணிக் காத்திருப்போர் இன்னும் பலர் உள்ளனர்.

சென்ற மாதம் தம்பி தொலைபேசியில் அழைத்தான். வேலை மாறிப் புனேவுக்குக் குடிபெயர்கிறான். மகளின் செல்வமகள் சேமிப்புக் கணக்கை அங்கே மாற்ற முடியுமா என்று கேட்டான். இந்தியாவில் எந்த ஊருக்கும் மாற்றலாம் என்று கூறிவிட்டு, குழந்தையிடம் சொல்லிவிட்டாயா என்றேன். "உன்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், அண்ணா. அவ மீன் தொட்டியையும் கொண்டுவரணுமாம். அதுக்குத்தான் இப்ப வழி தெரியல" என்றான்.