பேனா பிடிக்கப் போவது யார்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சலிங் முடிந்து, கல்லூரி திறக்கும்வரை எங்கள் சென்னை ரிச்சி தெருவில் நடக்க இடம் இருக்காது. கீழே கம்ப்யூட்டர் விற்பனைக் கடைகள். மாடியில், மைக்ரோஸ்கோப்பும் ஹீட் கன்னுமாக என்னைப் போன்ற ரிப்பேர்காரர்கள். புதிதாக வாங்க வருகிறவர்கள் நாலு கடை ஏறி இறங்கி, ஆளுக்கொன்று சொல்லக் கேட்டுத் தலை சுற்றிப்போய், ‘விக்கிறவன்கிட்ட கேட்டா விக்கத்தான் பார்ப்பான், ரிப்பேர் பண்றவரைக் கேட்டுடுவோம்’ என்று படியேறி வந்துவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அறிவித்த பிறகு, ‘எது நல்லது’ என்ற கேள்வி இன்னும் சூடு பிடித்தது.

வாலாஜாபேட்டையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவர் கேட்டார்: “அண்ணே, பின்பக்கமா மடக்கினா டேப்லெட் ஆயிடுமாமே. பார்க்கவும் நல்லா இருக்கு. பாப்பாவுக்கு அதை வாங்கலாமா, இல்ல சாதா லேப்டாப்பே போதுமா?”

நான் அவருக்குப் பதில் சொல்லாமல் மகளைப் பார்த்தேன். “கிளாஸ்ல நோட்ஸ் கையால எழுதுவியாம்மா, டைப் அடிப்பியா?”

“கையால எழுதினாதான் அங்கிள் எனக்கு ஞாபகம் இருக்கும்.”

“என்ன கோர்ஸ்?”

“எம்.பி.பி.எஸ்.”

வீட்டில் அண்ணன் வாங்கிப்போட்ட டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது என்றும் தெரிந்தது. லேப்டாப்பே வேண்டாம், நல்ல பேனாவோடு வரும் டேப்லெட் ஒன்று வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எலும்பையும் நரம்பையும் வரைந்து வரைந்து படிக்கப் போகிற பெண். ஆயிரம் பக்கப் புத்தகத்தின் பிடிஎஃப்பில் ஓரத்தில் குறிப்பெழுதப் போகிற பெண். கீபோர்டு அவளுக்கு எப்போதாவதுதான் தேவைப்படும். அதே மதியம் மெக்கானிக்கல் சேரப்போகும் ஒரு பையன், அதே மடக்கு மாடலைக் கேட்டு வந்தான். அவனிடம் வேண்டாம் தம்பி என்றேன். அவனுக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேர் ஓட வேண்டும். அது பேனாவைப் பார்க்காது. ரேமையும் கிராபிக்ஸையும் விசிறியையும்தான் பார்க்கும்.

டூ-இன்-ஒன், கன்வெர்டிபிள் என்று எந்தப் பெயரில் விற்றாலும், அதில் நீங்கள் கூடுதலாகக் காசு கொடுப்பது இரண்டு விஷயத்துக்கு: திரையில் பேனாவால் எழுதுவது, கையில் ஏந்திக்கொண்டு வேலை பார்ப்பது. இரண்டும் தேவையில்லாதவர் அதை வாங்கினால், அந்தக் காசு கீபோர்டிலோ விசிறியிலோ ரிப்பேர் பார்க்கும் வசதியிலோ எங்கேயோ பிடித்தம் செய்யப்பட்டிருக்கும். மடக்கிப் பார்க்கிற ஆசை பெரும்பாலானவர்களுக்கு முதல் மாதத்தோடு தீர்ந்துவிடுகிறது. ரிப்பேருக்கு வரும் மடக்கு மாடல்கள் பலவற்றில் பேனா பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பையிலேயே இருக்கும்.

டூ-இன்-ஒன்னில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, திரை 360 டிகிரி சுற்றி கீபோர்டின் முதுகோடு போய் ஒட்டிக்கொள்வது. லெனோவோவின் யோகா இப்படித்தான் 2012-இல் வந்தது. இது அடிப்படையில் லேப்டாப். இன்னொன்று, கீபோர்டைக் கழற்றிவிட்டால் திரை தனியே கையில் வருவது. மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ், கீபோர்டு கவர் போட்ட ஐபேட் எல்லாம் இந்த வகை. இது அடிப்படையில் டேப்லெட். போர்டு, பேட்டரி, சிப் எல்லாம் திரைக்குப் பின்னால் இருக்கும். கீபோர்டு வெறும் மூடிதான். முக்கால்வாசிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

இது புது யோசனையும் அல்ல. 2001-இல் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ், ஐந்தே வருடத்தில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி டேப்லெட் பிசியாகத்தான் இருக்கும் என்றார். மறுவருடம் அதற்கென்றே ஒரு விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. நடுவில் ஒற்றை ஹிஞ்ச் வைத்துத் திரையைத் திருப்பும் மாடல்கள் வந்தன. விலையும் எடையும் அதிகம். சாதாரண ஜனங்கள் சீண்டவில்லை. 2012-இல் வந்த சர்ஃபேஸ் ஆர்டியில் பழைய விண்டோஸ் புரோகிராம்கள் ஓடாது. விற்காமல் தேங்கியதில் மறுவருடம் மைக்ரோசாஃப்ட் 90 கோடி டாலரைக் கணக்கில் நஷ்டமாக எழுத வேண்டியிருந்தது. அந்தப் பாடம் இன்றைக்கும் செல்லும். பார்க்க அழகாக இருப்பதெல்லாம் சரி, உங்கள் புரோகிராம் அதில் ஓடுமா?

ஆடிட்டர் ஆபீஸ்காரர்களிடம் இதைத்தான் முதலில் கேட்பேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய பிரிண்டர், தமிழ் டிடிபி சாஃப்ட்வேருக்கான டாங்கிள் என்று யுஎஸ்பியில் செருகும் ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேண்டும். இப்போது வரும் மெல்லிசான மாடல்கள் சிலவற்றில் இன்டெல், ஏஎம்டிக்குப் பதில் ஆர்ம் வகை சிப் இருக்கிறது. பேட்டரி பிரமாதமாக நிற்கும். பழைய புரோகிராம்களைக்கூட மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஆனால் டிரைவரை அப்படி ஓட்ட முடியாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் இல்லையென்றால் அந்த டாங்கிள் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். அச்சக வேலைக்கு இன்டிசைன் வேண்டும் என்பவர் ஐபேட் பக்கமே போக வேண்டாம்.

கீபோர்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை. நல்ல கீபோர்டில் ஒரு சாவியின் நடுவிலிருந்து அடுத்த சாவியின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் இருக்கும். பத்து அங்குலத் திரைக்கேற்ற கீபோர்டில் அந்த இடம் கிடையாது. எங்கே குறைப்பார்கள்? ஆங்கில எழுத்துகளை விட்டுவிட்டு வலது ஓரத்தில் கை வைப்பார்கள். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு சாவிகள் பாதி அகலமாகிவிடும். இங்கிலீஷில் அடிப்பவருக்கு அவை அடிக்கடி வேண்டியதில்லை. தமிழ் 99 கீபோர்டு முறையில் அடித்துப் பாருங்கள்: ‘ச’வும் ‘ஞ’வும் அடைப்புக்குறிச் சாவிகளில், ‘ந’ அரைப்புள்ளியில், ‘ய’ மேற்கோளில், ‘ழ’ சாய்கோட்டில். ‘தமிழ்’ என்று அடிக்கவே சுண்டுவிரல் அந்தப் பொடிச் சாவியைத் தேட வேண்டும். பத்திரிகைக்கு எழுதும் ஒருவர் என்னிடம் இப்படி ஒரு குட்டிக் கருவியைக் கொண்டுவந்து, சாவி சரியாக வேலை செய்யவில்லை என்றார். சாவியில் ஒரு குறையும் இல்லை. அவர் விரல் அகலத்துக்கு அது செய்யப்படவில்லை. தமிழில் நிறைய அடிக்கிறவர் 13 அங்குலத்துக்குக் கீழே இறங்காதீர்கள். வாங்குமுன் கடையிலேயே அந்த ஐந்து சாவிகளையும் அடித்துப் பாருங்கள்.

எடை விஷயத்தில் ஒரு கண்கட்டு நடக்கிறது. கழற்றும் வகைக்கு விளம்பரத்தில் போடுவது கீபோர்டு இல்லாத எடை. 2020-இல் வந்த 12.9 அங்குல ஐபேட் புரோவையும் அதற்கான மேஜிக் கீபோர்டையும் சேர்த்துத் தராசில் வைத்தால் 1.35 கிலோ, அதே வருடத்து மேக்புக் ஏர் 1.29 கிலோ. இதற்கு லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போகலாம். கழற்றும் வகையில் இன்னொரு தொல்லை, முதுகில் இருக்கும் கால். மேஜையில் அது அருமை. ரயிலில் தொடை மேல் வைத்தால், கால் முழங்கால் பக்கம் நழுவும். கீபோர்டு துணி மாதிரி வளையும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அசைந்தால் எல்லாம் ஆடும். காட்பாடி வண்டியில் தினமும் போய்வந்து வேலை பார்ப்பவருக்கு சாதா லேப்டாப்தான் மடியில் நிற்கும்.

இனி என் டேபிளுக்கு வருவோம். மடக்கு மாடலைத் திறந்தால் முதலில் பார்ப்பது ஹிஞ்ச். இரும்புத் தகடு ஒன்று, பிளாஸ்டிக்கில் பதித்த பொடிப் பித்தளை நட்டுகளில் திருகப்பட்டிருக்கும். ஹிஞ்ச் இறுகிப்போனதும், திரையை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கத் தூக்க அந்த நட் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அரால்டைட் வைத்து உட்கார வைப்போம். கொஞ்ச காலம் தாங்கும். சாதா லேப்டாப்பிலும் ஹிஞ்ச் போகும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் டிஸ்ப்ளே கேபிள் மடங்குவது பாதி வட்டம்கூட இல்லை. இதில் முழு வட்டம். ஹிஞ்ச் போகும்போது அதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓரம்தான் விரியும். இதில் தொடுதிரைக் கண்ணாடியும் சேர்ந்து கீறும். கண்ணாடியும் பேனலும் ஒட்டியே வருவதால் காம்போவாகத்தான் மாற்ற வேண்டும். அந்த விலையைச் சொன்னதும் கஸ்டமர் முகம் போகும் போக்கை நான் தினம் பார்க்கிறேன். மடக்கு மாடல் வைத்திருப்பவர்கள் திரையை எப்போதும் மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறக்கப் பழகுங்கள்.

கழற்றும் வகையில் ஹிஞ்ச் பிரச்சினை கிடையாது, திறப்பதே பிரச்சினை. ஓரத்துப் பசையைச் சூடாக்கிக் கண்ணாடியைத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் போச்சு. கருவிகளைப் பிரித்துப் பார்த்து ரிப்பேர் மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட், 2013-இல் முதல் சர்ஃபேஸ் புரோவுக்குப் பத்துக்கு 1 போட்டது. சாதா லேப்டாப் என்றாலே திறக்க லேசு என்றும் நம்பிவிடாதீர்கள். 2017-இல் மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் லேப்டாப்புக்கு அவர்கள் போட்டது 0. பின்னால் வந்த சர்ஃபேஸ் புரோ மாடல்களில் எஸ்எஸ்டியை வெளியிலிருந்தே மாற்ற ஒரு குட்டிக் கதவு வைத்தார்கள். பேட்டரி உப்பினால் லேப்டாப்பில் டச்பேட் மேலே எழும்பும், ஆள் சுதாரித்துவிடுவார். டேப்லெட்டில் பேட்டரிக்கு நேர் மேலே கண்ணாடிதான், எழும்புவது திரை. எந்நேரமும் சார்ஜரிலேயே போட்டு வைப்பவர்கள் செட்டிங்கில் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துவிடுங்கள். உப்பிவிட்டால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம்.

ரேம் டேப்லெட் வகையில் போர்டிலேயே சால்டர் செய்து வரும். பின்னால் சேர்க்க வழி இல்லை; வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை. மெல்லிசான லேப்டாப்களிலும் இப்போது இதே கதை. ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த குட்டி மாடல்களில் எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி போட்டிருப்பார்கள். அது நொடிக்கு 400 எம்பிக்கு மேல் போகாது. சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி அதைப்போலப் பல மடங்கு ஓடும். 64 ஜிபி இஎம்எம்சியில் விண்டோஸ் அப்டேட் வந்தால் இடம் போதாமல் திணறும். அந்த மாடலை யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

விசிறி இல்லாதது சத்தமில்லாமல் இருக்கும், தூசி புகாது. ஆனால் அதில் வரும் 6 வாட் சிப்பும் விசிறி வைத்த 15 வாட் சிப்பும் ஒன்றல்ல. சென்னையின் மே மாத மதியத்தில் ஃபேன் காற்று மட்டும் உள்ள அறையில் ஒரு மணி நேர வீடியோ மீட்டிங் போட்டால், விசிறி இல்லாத கருவி சூட்டைத் தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது கோளாறு என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். கோளாறில்லை, அது அப்படித்தான் செய்யப்பட்டது.

இவ்வளவு சொன்னதால் மடக்கு மாடல்மேல் எனக்குப் பகை என்று நினைக்க வேண்டாம். ஆன்லைனில் கணக்கு சொல்லித்தரும் டீச்சர், கட்டடம் கட்டும் இடத்தில் நின்றபடி பிளானில் திருத்தம் போடும் இன்ஜினீயர், கச்சேரிக்கு நொட்டேஷன் வைத்துக்கொள்ளும் வயலின்காரர், இவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. எழுதவும் வேண்டும், நிறைய டைப்பும் அடிக்க வேண்டும் என்றால் 360 டிகிரி வகை. எழுதுவதும் படிப்பதும்தான் பெரும்பாலும் என்றால் கழற்றும் வகை. வீட்டில் நாலு பேர் பயன்படுத்துவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாதா லேப்டாப். படுத்துக்கொண்டு படம் பார்க்க என்று சொல்பவர்களிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை. ஒரு நல்ல மடக்கு மாடலின் விலைக்குள், சுமாரான லேப்டாப்பும் பேனா டேப்லெட்டும் தனித்தனியாகவே வந்துவிடும் என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று ரிப்பேருக்கு வந்தாலும் இன்னொன்று வீட்டில் இருக்கும்.

பேனாவிலும் தரம் உண்டு. ரப்பர் நுனி வைத்து நூறு ரூபாய்க்குத் தெருவோரம் விற்பது விரலுக்குப் பதிலி, அவ்வளவுதான். உண்மையான பேனா, உள்ளங்கை திரையில் பட்டாலும் கோடு விழாதபடி எழுதும், அழுத்தினால் தடிக்கும். வேகாமின் இஎம்ஆர் தொழில்நுட்பத்தில் வரும் பேனா எழுதுவதற்குப் பேட்டரியே வேண்டாம், திரையே அதற்கு மின்சாரம் தரும். சாம்சங் டேப் எஸ் வரிசையின் பேனா அந்த வகை. ஆப்பிள் பென்சிலை சார்ஜ் செய்ய வேண்டும். ஒரு கம்பெனி பேனா இன்னொரு திரையில் எழுதும் என்று நினைத்து வாங்காதீர்கள். பல மாடல்களில் பேனாவும் கீபோர்டும் விலையில் சேராது, தனி பில்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் ஆறு அங்குல ஸ்கேல் ஒன்றைக் கையோடு கொண்டுபோகட்டும். அதைத் திரையில் குறுக்காக வைத்து, பேனாவால் மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரு சாய்கோடு இழுங்கள். கோடு நெளிந்தால் பேனாவை உணரும் டிஜிடைசர் சுமார். எங்கேயாவது விட்டுப்போனால் அந்த இடம் செத்துவிட்டது. பிறகு திரையைப் பின்பக்கமாக மெதுவாக மடக்கிக்கொண்டே படத்தைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் மினுக்கினால் கேபிள் போய்க்கொண்டிருக்கிறது. விற்பவர் “அது ஒண்ணும் இல்ல சார், அப்டேட் போட்டா சரியாயிடும்” என்பார். ஆகாது, அடுத்த கடையைப் பாருங்கள்.