திரையில் முதலில் நாங்கள் பார்ப்போம்

ஸ்ரூடியோவுக்குப் போவதென்பது எங்களில் அநேகருக்கு ஆசைக்காகச் செய்த பயணமாக இருந்ததில்லை. அடையாள அட்டைக்கு ஒரு படம், கடவுச்சீட்டுக்கு ஒரு படம், முகாமில் பதிவதற்கு ஒரு படம், வெளிநாட்டுச் சம்பந்தத்துக்கு ஒரு படம் என்று தேவைக்காகவே போனோம். "நேரே பாருங்கோ" என்பார்கள். வெளிச்சம் மின்னும். "சரி, அடுத்த ஆள்" என்பார்கள். முகம் எப்படி விழுந்தது என்பது அட்டை கைக்கு வந்த பிறகுதான் தெரியும். பிறகு எத்தனையோ வருடங்களுக்கு அந்த முகத்தையே சோதனைச் சாவடிகளிலும் அலுவலகங்களிலும் நீட்டிக்கொண்டிருப்போம்.

நான் வன்னியைச் சேர்ந்தவள். முகாமிலிருந்து வெளியே வந்தபின் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய ஸ்ரூடியோவில் வேலை பழகினேன். இப்போது வெள்ளவத்தையில் அதே தொழிலைச் செய்கிறேன். யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் கடவுச்சீட்டு, விசா, வைத்தியம் என்று அலுவல் முடியும்வரை இந்த இரண்டு இடங்களிலுமுள்ள லொட்ஜுகளிலும் தங்கினார்கள். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 பேர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் இங்கு ஸ்ரூடியோவுக்கு வந்தவர்கள், படம் நல்லாய் வந்ததா என்று கேட்கும் நிலையில் இருக்கவில்லை.

இன்று கேட்கலாம். அதற்கு உதவும் ஒரு சிறிய விடயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கமராவையும் கணனியையும் ஒரு வயரால் இணைத்துப் படம் எடுக்கும் முறை அது.

வயர் என்ன செய்கிறது?

வழமையாக டிஜிற்றல் கமராவில் எடுக்கும் படம் அதற்குள் இருக்கும் மெமரி காட்டில் போய் நிற்கும். கமராவின் பின்பக்கத்துச் சிறு திரையில் எடுப்பவர் மட்டும் அதைப் பார்ப்பார். யூ.எஸ்.பி. வயரால் கமராவைக் கணனியோடு இணைத்து, அதற்குரிய மென்பொருளைத் திறந்துவிட்டால், எடுத்த படம் சில விநாடிகளில் கணனித் திரையில் பெரிதாக வந்துவிடும். வெளிச்சத்தின் அளவைக் கணனியிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம். கமராவைத் தொடாமலே படத்தையும் எடுக்கலாம்.

இது புதிய யோசனையும் அல்ல. 1991 இல் கொடக் நிறுவனம் விற்பனைக்கு விட்ட முதல் டிஜிற்றல் கமரா, நிக்கொன் எஃப்3 கமராவின் உடம்பில் செய்யப்பட்டது. படங்களைச் சேமிக்கும் பெட்டி தனியாக இருந்தது. படப்பிடிப்பாளர் அதைத் தோளில் தொங்கவிட்டு, வயரால் கமராவோடு இணைத்துக்கொண்டு திரிந்தார். அப்போது பெட்டி தோளில் இருந்தது. இப்போது கணனி மேசையில் இருக்கிறது.

அனுப்பும் முன் பாருங்கள்

இலங்கையில் இப்போது கடவுச்சீட்டுக்கான படத்தைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். ஸ்ரூடியோவே படத்தைக் கணனி வழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிட்டு, எங்கள் கையில் பற்றுச்சீட்டைத் தரும். ஆகவே, படம் போவதற்கு முன் திரையில் பார்ப்பதுதான் எங்களுக்குக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம்.

இந்தப் படங்களுக்கு உலகப் பொதுவான விதிகள் உண்டு. கண்கள் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், முகத்திலும் பின்னாலும் நிழல் விழக்கூடாது. முகத்தைக் கணனியில் திருத்துவதற்கும் அனுமதியில்லை. தழும்பை அழித்தால் அது வேறொருவரின் முகமாகிவிடும். பிறகு திருத்த முடியாததை எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும். அதற்குத்தான் பெரிய திரை.

ஒரு நாள் கன்னத்தில் ஷெல் காயத் தழும்புடன் ஓர் அக்கா வந்தார். "இதை எடுத்துவிடேலாதோ பிள்ளை?" என்று கேட்டார். எடுக்க முடியாது என்பதைச் சொன்னேன். முதல் படத்தில் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்ததால் தழும்பு பள்ளம்போலத் தெரிந்தது. விளக்குகளை முன்பக்கம் கொண்டுவந்து மறுபடி எடுத்தேன். நிழல் போய்விட்டது, தழும்பு மட்டும் இருந்தது. அவர் எழுந்துவந்து திரையைப் பார்த்தார். "இன்னொருக்கா எடு" என்றார். மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை அனுப்பு. இதிலை நான் பயந்தமாதிரித் தெரியேல்லை" என்றார்.

ஒரே ஒரு படம் உள்ளவர்கள்

எங்களிடம் வரும் இன்னொரு வகை வேலை பழைய படங்களைப் பிரதி எடுப்பது. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னரும் ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கினார்கள். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. எங்கே போனாலும் கையில் படம் இருக்க வேண்டும். பலரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இடம்பெயர்வில் நனைந்தது, மடிந்தது, வெயிலில் வெளிறியது. சிலவேளை குடும்பப் படமொன்றில் நகமளவு முகம்.

அப்படிப்பட்ட படத்தை ஒருபோதும் பிரேமின் கண்ணாடியிலிருந்து இழுத்துப் பிரிக்காதீர்கள். ஈரத்தில் ஒட்டிய படத்தை இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியுடனேயே எடுக்கலாம்.

செய்யும் முறை இதுதான். படத்தை மேசையில் கிடையாக வைத்து, கமராவை ஸ்ராண்டில் பூட்டி நேர்கீழே பார்க்க வைக்கிறோம். சரிவு இருக்கிறதா என்று அறிய, படம் இருக்கும் இடத்தில் ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்தால் போதும். கமராவின் லென்ஸ் திரையின் நடுவில் தெரிந்தால் கமரா நேராக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு விளக்குகள், 45 பாகைச் சாய்வில். பிளாஷ் வேண்டாம், அது பளிச்சென்று வெள்ளையடித்துவிடும். கணனித் திரையில் முகத்தைப் பத்து மடங்கு பெருப்பித்துக் கூர்மையைச் சரிபார்த்து, கணனியிலிருந்தே எடுக்கிறோம். கை படாததால் ஆட்டம் இல்லை. ஸ்ரூடியோவுக்குப் போக வசதியில்லாதவர்கள், யன்னலோரம் நேர் வெயில் படாத இடத்தில் படத்தை வைத்து, போனை நேர்மேலே பிடித்து எடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. பழைய முகத்தைப் புத்தம்புதிதாக ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருட்கள் இப்போது போனிலேயே உண்டு. அழிந்த கண்ணையும் வாயையும் அவை ஊகித்துத்தான் வரைகின்றன. வீட்டுச் சுவருக்கு அது பரவாயில்லை. தேடுவதற்குக் கொடுக்கும் படம் உங்கள் பிள்ளையின் முகமாகவே இருக்க வேண்டும். திருத்தாத பிரதியை எப்போதும் தனியாக வைத்திருங்கள். மூலப் படத்தைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோங்கள், எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

தொழிலாகச் செய்ய விரும்புவோருக்கு

பழைய கமரா ஒன்றே தொடங்கப் போதும். கனொன் கமராக்களுக்கு ஈ.ஓ.எஸ். யூட்டிலிட்டி என்ற மென்பொருளை அந்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது. நிக்கொனுக்கு என்.எக்ஸ். டெதர் உண்டு. எல்லாக் கமராக்களும் எல்லா மென்பொருட்களோடும் சேராது. ஆகவே, காசு கொடுக்கும் முன் கடையிலேயே கமராவைக் கணனியோடு இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். வயர் 5 மீற்றருக்கு மேல் நீண்டால் தொடர்பு அறுந்து அறுந்து வரும். வயரை ஸ்ராண்டின் காலில் கட்டிவிடுங்கள். யாராவது தடக்கினால் கமராவின் துளை உடைந்துவிடும். கமரா தானாக நித்திரைக்குப் போகும் ஒழுங்கை நிறுத்திவையுங்கள். படம் கணனியிலும் மெமரி காட்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி செய்யுங்கள். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. அப்போது லப்டொப் வைத்திருந்ததால்தான் எங்கள் வேலை நின்றுபோகவில்லை.

கணனியில் நிற்கும் முகம்

வயரால் இன்னொரு பொறுப்பும் வருகிறது. படம் கணனியில் தங்கிவிடுகிறது. இளம் பிள்ளைகளின் படங்கள் கண்ட இடத்துக்கும் போய்ச் சேரும் காலம் இது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, நீங்களே வாய்திறந்து கேளுங்கள்: "என்னுடைய படத்தை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள்? மிச்சத்தை அழித்துவிடுவீர்களா?" நான் வேண்டாத படங்களை அவர்கள் முன்னாலேயே அழித்துக் காட்டுகிறேன். கேட்காதவர்களுக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

சகோதரிகளே, அடுத்த முறை ஸ்ரூடியோக் கதிரையில் இருக்கும்போது கூச்சப்படாதீர்கள். "திரையை இந்தப் பக்கம் திருப்புங்கோ, நானும் பார்க்கவேணும்" என்று சொல்லுங்கள். படம் பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். பிலிம் காலம் போய்விட்டது, இன்னொரு படம் எடுப்பதால் அவர்களுக்கு ஒரு செலவுமில்லை.