கோளை விழுங்கியவனுக்கு ஒரே உருவம்

டீ ஆறட்டும், அவசரமில்லை. நாம் பேசப்போவது நினைத்தபடி உருவம் மாறுகிற, கோள்களைத் தின்று வாழ்கிற வேற்றுலக ஜீவன்களைப் பற்றி. அப்படி எதுவும் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தால் அதன் பாடு எப்படி இருக்கும் என்று பார்ப்பதில்தான் ருசி.

கதைகளில் இப்படி இருவர் பிரபலம். 1966-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸில் இறக்கிவிட்ட கேலக்டஸ் ஒருவன். பசி எடுத்தால் ஓர் உலகத்தையே காலி செய்வான். பின்னால் எழுதியவர்கள் அவனுக்கு இன்னொரு குணத்தையும் சேர்த்தார்கள்: எந்த இனம் பார்க்கிறதோ, அந்த இனத்தின் சாயலிலேயே தெரிவான். இன்னொருவன் 1986-ல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் படத்தின் யூனிக்ரான். கோளாகவே மிதந்து வருவான். வேளை வந்தால் கை கால் விரித்து ராட்சத இயந்திர மனிதனாக நிற்பான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ‘சிட்டிசன் கேன்’ எடுத்த ஆர்சன் வெல்ஸ். படம் வெளிவருமுன்பே அவர் இறந்துவிட்டார். எத்தனையோ வேடம் போட்ட மனிதர், போகிற போக்கில் ஒரு கோளாகவும் நடித்துவிட்டுப் போனார்!

முதலில் சாப்பாட்டைப் பார்ப்போம். கொய்யாவைக் கடிப்பதுபோல் கோளைக் கடிப்பதாகத்தான் படம் வரைகிறார்கள். ஆனால் தின்பவன் இரையைவிட நன்றாகப் பருத்தவன் என்றால், வாயே தேவையில்லை. பக்கத்தில் வந்தாலே போதும். கோளின் இந்தப் பக்கத்தை அவனுடைய ஈர்ப்பு பலமாக இழுக்கும், தொலைவில் உள்ள அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். நிலா நம் கடலைத் தூக்கி ஓதம் உண்டாக்குவதும் இதே வித்தியாசத்தால்தான். இன்னும் நெருங்கினால் கோள் தானாகவே பிய்ந்துபோகும். அந்த நெருக்கத்துக்கு ரோஷ் எல்லை என்று பெயர். 1992-ல் வியாழனை உரசிக்கொண்டு போன ஒரு வால்மீன் இப்படித்தான் 20-க்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்தது. 1994 ஜூலையில் அந்தத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாழனுக்குள் விழுந்தன. பிட்டுப் பிட்டு ஊட்டிவிட்ட மாதிரி.

ஆனால் அந்தச் சாப்பாடு பயங்கரச் சூடு. பூமியைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி தூரத்துக்கு விலக்க வேண்டுமானால், சூரியன் ஏறத்தாழ ஒரு வாரம் எல்லாத் திசையிலும் கொட்டுகிற மொத்த ஆற்றலும் வேண்டும். இதைத் திருப்பிப் பாருங்கள்: அத்தனையும் ஒருவன் வயிற்றில் வந்து விழுந்தால், அதே கணக்கிலான ஆற்றல் வெப்பமாக வெளிப்படும். 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள ஒன்று இளம் பூமியில் மோதி, அந்தச் சிதறலில் நிலா பிறந்தது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கிற கருத்து. அந்த மோதலில் பூமியின் மேற்பரப்பு முழுக்கப் பாறைக்குழம்புக் கடலாக இருந்திருக்கும். கோளைத் தின்றவனும் அப்படி உருகிப்போய்த்தான் ஏப்பம் விடுவான்.

இனி உருவம் மாறும் வித்தை. இங்கேதான் நாம் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறோம். மண்ணைவிடக் கல் கெட்டி, கல்லைவிட இரும்பு கெட்டி. கெட்டியான பொருளாகப் பார்த்துச் செய்துவிட்டால் எவ்வளவு பெரிதானாலும் எந்த உருவமும் நிற்கும் என்று நினைக்கிறோம். உருவத்தைத் தீர்மானிப்பது பொருள் மட்டும் என்று எண்ணுகிறோம். அளவுக்கும் அதில் பங்கு உண்டு. ஓர் எல்லைக்கு மேலே அளவு மட்டும்தான் பேசும்.

பிசைந்த களிமண்ணில் உள்ளங்கை அளவுக்கு ஒரு யானை செய்யுங்கள். தும்பிக்கை அழகாக நிற்கும். அதே களிமண்ணில் வீட்டு உயரத்துக்குச் செய்தால், தும்பிக்கை விழும், கால் பிதுங்கும், வயிறு தரையில் அமரும். ஏன்? உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகிறது. அதைத் தாங்குகிற காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. 1638-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் கலிலியோ இதை எழுதினார். நம்மூர் ஐயனார் கோயிலுக்குப் பெரிய மண்குதிரை செய்கிற வேளாருக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். உள்ளே கூடு விட்டு, வயிற்றுக்கடியில் முட்டுக் கொடுத்துத்தான் குதிரையை நிறுத்துகிறார்.

கல்லுக்கும் இதே கதிதான், கொஞ்சம் பெரிய அளவில். எவரெஸ்ட்டின் உயரம் 8,849 மீட்டர். பூமியில் இதைப்போலப் பல மடங்கு உயரத்துக்கு ஒரு மலை வளர்ந்தால் அதன் அடிவாரப் பாறை பாரம் தாங்காமல் மாவுபோல் பிதுங்கிவிடும். செவ்வாயில் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான், அதனால் அங்கே ஒலிம்பஸ் மலை 20 கிலோமீட்டருக்கு மேல் நிற்க முடிகிறது. இப்போது யூனிக்ரானின் கையை யோசியுங்கள். கோள் அளவு உடம்பில் கை என்றால் சில ஆயிரம் கிலோமீட்டர் நீளமாவது வேண்டும். இரும்பே ஆனாலும் அது மடிந்து, சரிந்து, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மேடுகள் சரிந்து பள்ளங்களை நிரப்பும். எல்லாப் புள்ளியும் நடுமையத்திலிருந்து ஒரே தூரத்துக்கு வரும்வரை அது நிற்காது. அந்த உருவத்துக்குப் பெயர் உருண்டை. (மழைத்துளியும் உருண்டைதானே என்று கேட்பீர்கள். அது வேறு கதை. அங்கே வேலை செய்வது தண்ணீரின் பரப்பு இழுவிசை.)

உருண்டையாகும் இந்த எல்லை சில நூறு கிலோமீட்டர் அகலத்தில் வருகிறது. பனியா பாறையா, உள்ளே எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து முன்னே பின்னே நகரும். நெப்டியூனைச் சுற்றும் ஒரு நிலா ஏறத்தாழ 420 கிலோமீட்டர் அகலம். இன்னும் கோணல்மாணலாகவே இருக்கிறது. சுமார் 940 கிலோமீட்டர் அகலமுள்ள சீரீஸ் என்ற குறுங்கோள் நன்றாகவே உருண்டுவிட்டது. அந்தக் கோணல் நிலாவை 1989-ல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களில் கண்டுபிடித்தார்கள். வைத்த பெயர் ப்ரோட்டியஸ். கிரேக்கக் கதையில் பிடிக்கப் பிடிக்கச் சிங்கமாக, பாம்பாக, தண்ணீராக மாறி நழுவுகிற கடல் தெய்வம் அவர். பெயர் வைத்தவர்கள் கணக்குப் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இஷ்டப்பட்ட உருவத்தில் இருக்க இடமுள்ள கடைசி அளவின் பக்கத்தில்தான் அந்தப் பெயர் போய் உட்கார்ந்திருக்கிறது.

சரி, பெரிய உருவம் வேண்டாம், சின்னதாகச் சுருங்கி ஒளிந்துகொள்கிறேன் என்கிறான் நம் ஆள். நம் சித்தர் மரபு இந்த இடத்தில் உஷார். அட்டமாசித்தியில் சிறிதாவது அணிமா, இலேசாவது இலகிமா. இரண்டும் தனித்தனி சித்திகள். உருவம் குறைந்தால் எடையும் குறைந்துவிடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். பூமியைத் தின்றவனின் உடம்பில் 6-க்குப் பின்னால் 24 சுழியம் போட்ட அளவு கிலோ இருக்கிறது. அதோடு அவன் மனித உருவில் வேறோர் உலகத்து டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், பெஞ்சு உடைவதோடு நிற்காது. அந்த உலகமே அவன்மேல் வந்து சரியும். கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கினால் ஒளியும் தப்பாத கருந்துளை ஆகிவிடுவான். பிறகு எந்த உருவத்துக்கும் திரும்ப முடியாது.

அவனுடைய சொந்த எடை சொற்பம் என்றே வைத்துக்கொண்டு, பூமி போன அதே பாதையில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தாலும் மாட்டிக்கொள்வான். யுரேனஸ் கொஞ்சம் தடம் பிசகுவதை வைத்தே 1846-ல் நெப்டியூனைப் பிடித்தவர்கள் நாம். இவனைப் பிடிக்க அவ்வளவு கணக்குகூட வேண்டாம். தலைக்கு மேலே நிலா, ஒன்றுமே நடக்காததுபோல், 27 நாளுக்கு ஒரு தரம் அவனைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.